பதார்த்த விஞ்ஞானப் பொறியியல்: கட்டுபெத்தையில் நாங்கள் படித்தது

(நூற்றாண்டு நிகழ்வுகளின்போது உயர்தர மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். இத்துறையிற் பட்டம் பெற்ற பழைய மாணவிகள் நால்வர் சேர்ந்து எழுதியது.)



நாங்கள் நான்கு பேர். இக்கல்லூரியில் வெவ்வேறு ஆண்டுகளிற் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரே துறையிற் பட்டம் பெற்றவர்கள். இன்று ஒருத்தி தொழிற்சாலையில், ஒருத்தி பரிசோதனைக் கூடத்தில், ஒருத்தி கடல்கடந்து ஆராய்ச்சியில், ஒருத்தி ஊரிலேயே கற்பிக்கிறாள். "உங்கடை படிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் சொல்லுங்கோ" என்று சங்கச் செயலாளர் அக்கா கேட்டபோது, நால்வரும் தொலைபேசியிற் கூடிப் பேசி இதை எழுதினோம். வாசிப்பது ஒருத்தி, சொல்வது நால்வரும். அதனால் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

பட்டம் பெற்று இவ்வளவு காலமாகியும் எங்களை விட்டுப் போகாத கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை இஞ்சினியரோ? சிவிலோ?" "இல்லை, மெற்றீரியல்ஸ்." "அப்ப, துணி சம்பந்தமான படிப்போ?" எங்களுள் ஒருத்திக்குச் சம்பந்தம் பேச வந்தவர் தையல் படித்த பிள்ளை என்றே குறித்துக்கொண்டு போனார். சிரிக்கலாம்தான். ஆனால் இந்தப் பெயர் தெரியாததால் இங்கே முன்வரிசையில் இருக்கும் தங்கைமாருள் யாராவது இந்தப் படிப்பை எண்ணிக்கூடப் பார்க்காமல் விட்டால், அது சிரிக்கும் விஷயமல்ல. அதற்காகவே வந்திருக்கிறோம்.

பாலத்தைக் கட்டுபவர் சிவில் பொறியியலாளர். இயந்திரத்தை வடிவமைப்பவர் மெக்கானிக்கல் பொறியியலாளர். அந்தப் பாலமும் இயந்திரமும் எதனாற் செய்யப்பட வேண்டும், அது ஏன் பாரத்தைத் தாங்குகிறது, எப்போது தாங்காமற் போகும் என்று கேட்பது எங்கள் துறை. உலோகங்கள், மட்பாண்டப் பொருள்கள், இறப்பரும் பிளாஸ்ரிக்கும் அடங்கிய பல்பகுதியங்கள், கணினிக்குள் இருக்கும் குறைகடத்திகள் எல்லாம் இதற்குள் வரும். ஒரு பொருளின் குணம் அதனுள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்திலிருந்து வருகிறது. அந்த அடுக்கு, பொருளை நாம் எப்படிச் செய்தோம் என்பதிலிருந்து வருகிறது. பென்சிற்கரியும் வைரமும் ஒரே காபன் என்று நீங்கள் இரசாயனவியலிற் படித்திருப்பீர்கள். ஒன்று தாளில் உராய்ந்தாலே படலம் படலமாகக் கழரும், மற்றது கண்ணாடியை வெட்டும். அந்த ஒரு பக்கத்தை விரித்து நான்கு வருடம் படிப்பதுதான் பதார்த்த விஞ்ஞானம்.

ஊரிற் கொல்லர் கத்தி அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். கத்தி நன்றாகக் கடினமாகும், ஆனால் கல்லில் விழுந்தால் வெடிக்கும். ஆகவே திரும்பவும் இலேசாகச் சூடுகாட்டுவார். தீட்டிய விளிம்பில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம் என்று நிறம் ஓடும். வேண்டிய நிறம் வந்ததும் நிறுத்துவார். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 225 பாகை செல்சியஸ், நீலம் ஏறத்தாழ 300 பாகை. வெப்பமானி எதுவும் இல்லாமற் கண்ணாலேயே அளந்துவிடுகிறார். உள்ளே நடப்பது என்ன? 727 பாகைக்கு மேலே சூடாக்கும்போது இரும்பின் அணுக்கள் வேறொரு விதமாக அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்கின் இடைவெளிகளில் காபன் புகுந்து இருக்கும். ஆறுதலாகக் குளிரவிட்டால் காபன் வெளியேறித் தனிப் படைகளாகச் சேரும். தண்ணீரில் தோய்த்தால் வெளியேற அவகாசம் கிடையாது. அகப்பட்டுக்கொண்ட காபன் சாலகத்தை முறுக்கி வைத்திருக்கும், அந்த முறுக்குத்தான் கத்தியின் கடினம். கொல்லருக்குக் கையாலே தெரிந்ததை நாங்கள் வரைபடத்திற் படித்தோம். இரும்பும் காபனும் சேர்ந்த அந்த அவத்தை வரைபடம் இரண்டாம் வருடம் முழுவதும் எங்கள் அறைச் சுவரில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பரீட்சைக் காலத்தில் இரண்டையும் பார்த்துத்தான் எழும்புவோம்.

இனி, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், பிறகு இசட் புள்ளி, மாவட்ட அடிப்படை. இவை உங்களுக்குத் தெரிந்தவை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 1978இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் கட்டுபெத்தை வளாகம். நம்மவர் இன்னமும் கட்டுபெத்தை என்றுதான் சொல்வார்கள். எங்களுள் மூத்தவள் போன நாளில் ஏ-9 பாதை மூடிக் கிடந்தது. காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. இளையவள் போன நாளில் யாழ்தேவி திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது.

பொறியியற் பீடத்தில் முதலில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள்தான். அந்தப் பெறுபேறுகளை வைத்தே துறை பிரிக்கிறார்கள். உங்கள் விருப்பத்தை வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். புள்ளி கூடியவர்களுக்கு முதலில் இடம். கணினியும் இலத்திரனியலும் முந்தி நிரம்பும். எங்களுள் இருவர் மெற்றீரியல்ஸை முதல் விருப்பமாக எழுதினோம். மற்ற இருவருக்கு வரிசையிற் கீழே எழுதியது கிடைத்தது. அதில் ஒருத்தியின் வீட்டில் மூன்று நாள் செத்த வீடு மாதிரி இருந்ததாம். அப்பா மட்டும் தொலைபேசியில், "அது என்ன எண்டு முதலிலை படிச்சுப் பார், பிறகு அழு" என்றாராம். பெற்றோர்களுக்கு இதை விசேடமாகச் சொல்கிறோம். துறை பிரிக்கும் பட்டியல் அந்த ஆண்டு எந்த வேலைக்கு மவுசு என்பதைக் காட்டும் பட்டியல். எந்தப் படிப்பு ஆழமானது, எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை அது காட்டாது. எங்கள் வகுப்பில் யார் முதல் விருப்பமாக வந்தார், யார் கடைசி விருப்பமாக வந்தார் என்பது இரண்டாம் வருடத்துக்குப் பிறகு எவருக்கும் நினைவில் இல்லை.

மொழியைப் பற்றிக் கேட்பீர்கள். விரிவுரைகள் ஆங்கிலத்தில். வகுப்பில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். பட்டறையிலே வேலை பழக்கும் ஐயாமாரோடு சிங்களத்திற் பேசவேண்டும். முதல் மாதங்களில் இரவு ஒரு மணி வரைக்கும் அகராதியோடு இருந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே தமிழிற் படித்ததில் எதுவும் வீண்போகவில்லை. தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதி, கம்பியிற் படி தொங்கவிட்டு நீட்சியை அளக்கச் செய்தாரே, அதே பரிசோதனையைத்தான் அங்கே ஆள் உயர இயந்திரத்தில் கம்பி அறுமட்டும் செய்தோம். அவத்தைச் சமநிலையை இங்கே விளங்கிப் படித்தவளுக்கு அங்கே புதிதாக வந்தது ஆங்கிலச் சொல் மட்டும்தான். விளங்காமற் பாடமாக்கியவர்கள், ஆங்கிலத்திற் படித்து வந்தவர்களாயினும், எங்களை விடக் கஷ்டப்பட்டார்கள். ரியூசனுக்கு ஓடி வினாத்தாள் செய்வது நல்லதுதான், ஆனால் ஆய்வுகூடத்திற் செய்முறை நடக்கும் நாளில் மட்டம் போடாதீர்கள்.

நான்கு வருடத்தில் எதை அதிகம் செய்தோம் என்று கேட்டால், தேய்த்தோம். ஒரு சிறு உருக்குத் துண்டை நுணுக்குக்காட்டியிற் பார்க்க வேண்டுமென்றால் அதன் முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். முதலில் 240ஆம் இலக்க அரத்தாள். ஒரே திசையில், தண்ணீர் விட்டு விட்டு. பிறகு துண்டை 90 பாகை திருப்பி 400. முந்திய கோடுகள் முழுவதும் அழியுமட்டும் தேய்க்க வேண்டும். பிறகு 600, 800, 1200. கடைசியாகச் சுழலும் துணியில் நுண்ணிய வைரத்தூள் பசை. இவ்வளவும் செய்து தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு கீறல் கிடக்கும். திரும்ப 600க்குப் போ. விரல் நுனி தேய்ந்து அடையாள அட்டைக் கைரேகை கூடப் பதியாது என்று ஒருவரையொருவர் பகிடி பண்ணுவோம்.

கீறலில்லாமல் வந்த பின், சில துளி நைத்திரிக்கமிலம் கலந்த மதுசாரத்தில் ஒரு சில விநாடி தோய்த்து, கழுவி, உலர்த்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்போம். அதுவரை வெறும் இரும்பாகத் தெரிந்தது ஊர் வரைபடம் மாதிரி எல்லைகள் பிரிந்து தெரியும். சில பரப்புகள் வெள்ளை, சிலவற்றில் கைரேகை போல நெருங்கிய கோடுகள். முன்னே சொன்னோமே, ஆறுதலாகக் குளிரும்போது காபன் தனிப் படைகளாகச் சேரும் என்று, அந்தப் படைகள்தான் இந்தக் கோடுகள். எத்தனை பங்கு கோடு என்று பார்த்து அந்த உருக்கிற் காபன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வரைபடத்தில் மாதக்கணக்காகப் படித்தது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அந்த நாளை எங்களுள் ஒருவரும் மறக்கவில்லை. வைத்தியத்துறையில்தான் உள்ளே பார்க்கும் வேலை என்று நினைக்கும் தங்கைமாருக்காக இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னோம்.

இன்னொரு பரிசோதனை. 10 மில்லிமீற்றர் தடிப்பும் 55 மில்லிமீற்றர் நீளமும் உள்ள துண்டில் ஒரு சிறு வெட்டு. பெரிய ஊசற்சுத்தியல் ஒன்று மேலிருந்து வந்து அதை அடித்து உடைக்கும். உடைக்க எவ்வளவு சக்தி போனது என்று அளப்போம். அறை வெப்பநிலையில் சாதாரண உருக்கு வளைந்து, கிழிந்து, சுத்தியலை மினக்கெடுத்தும். அதே உருக்கைத் திரவ நைதரசனிற் குளிர்வித்து வைத்தால், கண்ணாடி மாதிரி ஒரு அடியில் இரண்டு துண்டு. செம்பு அப்படிச் செய்யாது, அதன் அணு அடுக்கு வேறு.

இந்தப் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 'லிபர்ட்டி' என்ற சரக்குக் கப்பல்களை 2,700க்கும் மேல் கட்டியது. அவசரத்துக்கு, தறையாணி அடிக்காமல் தகடுகளை உருக்கி ஒட்டினார்கள். அவற்றிற் சில குளிர்க் கடலில் வெடித்தன. அதே முறையிற் கட்டிய ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரியில், அலையில்லாத துறைமுகத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. ஒட்டியவர்களின் கைப்பிழை என்று பலரும் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்ற உலோகவியலாளர் உடைந்த தகடுகளை வாங்கிச் சோதித்து, அந்த உருக்கு ஒரு வெப்பநிலைக்குக் கீழே நொருங்கும் தன்மை அடைகிறது என்று காட்டினார். ஒட்டிய கப்பலிலே தகடுகள் ஒரே உடலாக இருப்பதால், ஒருமுறை வெடித்தால் வெடிப்பு நிற்க இடமில்லை. அந்தப் பொறியியற் பீடத்தில் முழுநேரமாக இருந்த ஒரே பெண் அப்போது அவர்தான். 101 வயது வரை வாழ்ந்தார்.

வைத்தியராக வேண்டுமென்று இருக்கும் தங்கைமாருக்கு இன்னொருவரைச் சொல்ல வேண்டும். ஸ்ரெஃபனி குவொலெக் 1946இல் இரசாயனவியற் பட்டம் பெற்று, மருத்துவம் படிக்கக் காசு சேர்ப்பதற்காக டியூபொன்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். வேலை பிடித்துப் போனது, மருத்துவக் கல்லூரிக்குப் போகவே இல்லை. 1965இல் அவர் கரைத்தெடுத்த பல்பகுதியக் கரைசல் ஒன்று கலங்கலாக, தண்ணீர் போல இருந்தது. நூல் நூற்கும் இயந்திரத்தின் துளைகளை இது அடைத்துவிடும் என்று இயக்குபவர் மறுத்தார். விடாமற் கேட்டு நூற்கச் செய்தார். வந்த நூல், எடைக்கு எடை உருக்கை விட ஐந்து மடங்கு பலமானது. கெவ்லார் என்று பெயர். குண்டு துளைக்காத அங்கிகளில் இருப்பது அதுதான். எத்தனை உயிர் அதனாற் தப்பியது என்று எண்ணினால், அவர் வைத்தியராகாததில் நட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. டீ.என்.ஏ. படத்தால் நாம் அறிந்த ரோசலின்ட் பிராங்க்ளினும் முதலில் நிலக்கரியையும் காபனையும் ஆராய்ந்தவர். எந்தக் காபன் சூடாக்கினாற் காரீயமாக மாறும், எது மாறாது என்று பிரித்தவர் அவர்தான். இது நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது, கொஞ்சத்தில் வருகிறோம்.

பெண்பிள்ளை என்ற விஷயத்தை ஒளிக்காமற் சொல்கிறோம். வகுப்பில் எங்களை எவரும் குறைவாக நடத்தவில்லை. வெளியே பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. படிப்பின் ஒரு பகுதியாகப் பல மாதம் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். எங்களுள் ஒருத்தி போன வார்ப்புத் தொழிற்சாலையில் முதல் நாளே மேற்பார்வையாளர், "மகள், நீங்கள் ஒபிஸில் இருந்து அறிக்கை எழுதுங்கோ, உலைப்பக்கம் சூடு" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அன்பாகச் சொல்வதை மறுப்பது கஷ்டம். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை அலுவலகக் கட்டடத்தில் மட்டும்தான் இருந்தது, உலையிலிருந்து போய்வர இருபது நிமிடம். அவள் ஒரு கிழமை அறிக்கை எழுதினாள். இரண்டாம் கிழமை, வார்ப்புகளில் ஏன் இவ்வளவு துவாரம் என்று அவர்களே தலையைச் சொறிந்துகொண்டு இருந்தபோது, ஒரு துண்டை வெட்டித் தரும்படி கேட்டு, தேய்த்து, பார்த்து, அச்சு மணலில் ஈரம் கூட என்று சொன்னாள். ஈரத்தைக் குறைத்தார்கள், துவாரம் குறைந்தது. அதன் பிறகு உலைப்பக்கம் ஒரு கதிரை வைத்துக் கொடுத்தார்கள். கழிப்பறை மட்டும் அதே இடத்தில்தான். இன்று பல இடங்களில் நிலைமை மாறிவிட்டது, எல்லா இடத்திலும் அல்ல. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

இப்போது நாட்டுக்கு வருவோம். இலங்கைப் பாறைகளில் நரம்பு நரம்பாக ஓடும் காரீயம் உலகத்தில் மிக அரிது. போகலையிலும் கஹடகஹவிலும் தோண்டுகிறார்கள், 95 சதவீதத்துக்கும் மேல் காபன் உள்ள கட்டிகளாகவே வருகிறது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன். இல்மனைற்றிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் வெள்ளைப் பூச்சுக்கும் பற்பசைக்கும் நிறம் கொடுப்பது. மணலாக ஏற்றுகிறோம், பூச்சாக வாங்குகிறோம். இறப்பரில் மட்டும் கொஞ்சம் வேறு விதம்: 1839இல் சாள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு காய்ச்சிக் கண்டுபிடித்த வேதியியலை வைத்து, திண்ம டயர்களை இங்கேயே செய்து உலகமெங்கும் விற்கிறோம். எங்கள் துறைப் பட்டதாரிகள் நிறையப் பேர் அந்தத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள்.

நம் பகுதியை எடுத்தால், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தி தொடங்கியது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லைக் களியோடு சேர்த்து 1,450 பாகை வரை காய்ச்சினார்கள். 1990இல் நின்றது நின்றதுதான். நமக்கு முன்னிருந்த தலைமுறைக்கு உலை என்பது பார்த்துப் பழகிய விஷயம், உங்களுக்கு அது படத்தில் மட்டும். இந்த நாட்டிலே உலைத் தொழில் புதிதென்றும் எண்ண வேண்டாம். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் 7ஆம் முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, மலைச்சரிவில் உலை கட்டி, துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதுகாற்றாக வைத்து இரும்பு உருக்கினார்கள். கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலை கட்டி, காற்று வந்த நேரம் உருக்கிப் பார்த்து, உயர்காபன் உருக்கும் கிடைக்கிறது என்று 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அதற்கு முன், வெறும் காற்றால் அவ்வளவு நல்ல உருக்கு வராது என்பதே பலருடைய எண்ணம். அவரும் பெண்தான், கவனித்திருப்பீர்கள்.

நான்காம் வருட ஆய்வுக்கு எங்களுள் ஒருத்தி எடுத்தது வீட்டு விஷயம். வடமராட்சிக் கடற்கரையில் அவளுடைய மாமி வீட்டுக் கொங்கிறீற் தட்டு, கட்டிப் பத்து வருடத்தில் அடிப்பக்கம் கழன்று விழத் தொடங்கியது. கம்பி தெரிகிறது, மண்ணிறக் கறை வடிகிறது. கண்ணூறு என்று பூசணிக்காய் கூட உடைத்துப் பார்த்தார்கள். காரணம் இதுதான். நல்ல கொங்கிறீற் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி அதைக் காக்கும். குளோரைட்டு, அதாவது உப்பு, உள்ளே போனால் அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். இடமில்லாத இடத்தில் அது பெருத்தால் கொங்கிறீற் பிளக்காமல் என்ன செய்யும்? உவர்க் கிணற்றுத் தண்ணீரிற் குழைத்தால், கழுவாத கடல்மணல் போட்டால், கம்பிக்குக் கீழே போதிய தடிப்பு விடாமல் ஊற்றினால், உப்புக் காற்று வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லை, நாமே உள்ளே வைத்துப் பூசிவிடுகிறோம். அவள் அந்தத் தட்டிலிருந்து விழுந்த துண்டுகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், ஆழத்துக்கு ஆழம் தூளாக்கிக் குளோரைட்டை அளந்தாள். கம்பியின் ஆழத்திலும் மேற்பரப்பளவுக்கே உப்பு இருந்தது, அதாவது குழைத்த நாளிலேயே போய்விட்டது. மாமி இப்போது அடுத்த வளவில் வீடு கட்டுபவர்களிடம் போய், "தண்ணியை முதலிலை சோதிச்சுப் போட்டுக் குழையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. இந்த மண்டபத்திலும் வீடு கட்டத் திட்டமிடுபவர்கள் இருக்கக்கூடும். மாமி சொன்னதையே நாங்களும் சொல்கிறோம்.

வேலை. பெற்றோர்கள் இதற்காகத்தான் பொறுமையாக இருக்கிறீர்கள் என்று தெரியும். டயர், இறப்பர், ஓட்டுத் தரைக்கற்கள், மட்பாண்டம், சீமெந்து, உருக்குக் கம்பி, மின்வடம், வர்ணப்பூச்சு ஆகிய தொழில்களில் இடம் உண்டு. தரக்கட்டுப்பாடும் பரிசோதனையும் இன்னொரு பக்கம். கணினித் துறைக்குப் போன எங்கள் பட்ச் நண்பர்களுக்குத் தொடக்கச் சம்பளம் எங்களை விடக் கூடத்தான், அதை மறைக்க மாட்டோம். தொழிற்சாலைகள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலும் அதைச் சுற்றியும்தான். வடக்கிலே இந்தப் பட்டத்துக்கென்று வேலை தேடினால் மிகக் குறைவு, அதுவும் உண்மை. மேற்படிப்புக்கு வெளிநாட்டுக் கதவு அகலமாகத் திறக்கும், ஏனென்றால் மின்கலம், சூரியப்படலம், செயற்கை மூட்டு என்று இன்று உலகம் முட்டுப்பட்டு நிற்பது பெரும்பாலும் பொருளில்தான். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதால், அங்கீகாரம் பெற்ற பட்டங்களை அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் மதிப்பிடுவதும் இலகுவாகிவிட்டது. போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று கேட்டால், எங்கள் நால்வருள் மூவர் நாட்டில் இருக்கிறோம், ஒருத்தி இல்லை. அவளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசியாக, சங்கத்து அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலர் கனடாவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் வாசிக்கப்படும் என்று தெரியும். எங்கள் கல்லூரியில் உயிரியல் வகுப்பு நிரம்பி வழிகிறது, இணைந்த கணித வகுப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் படித்த காலத்திலே பின்வாங்கு வரை பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது முன்வாங்கோடு முடிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால், பிள்ளைகள் காணாது என்று வகுப்பையே வேறு பாடசாலையோடு சேர்க்கச் சொல்வார்கள். கணித வகுப்பு மூடப்பட்டால் மெற்றீரியல்ஸ் மட்டுமல்ல, எந்தப் பொறியியலும் இந்த வாசலால் வெளியே போகாது. மூடிய வகுப்பைத் திரும்பத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாமா, மணிக்கூண்டு கட்டலாமா என்று பேச்சு நடக்கிறது. கட்டுங்கள். நல்ல தண்ணீரிற் குழைத்துக் கட்டுங்கள். அதோடு, பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பாடம் தெரிவு செய்வதற்கு முன், பொறியியல் படித்த பழைய மாணவிகள் மாதம் ஒருவர் வந்து, அல்லது திரையில் வந்து, பேசுவதற்கு ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் நால்வரில் ஒருத்தி தவணைக்கு ஒருமுறை நேரிலே வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு உலோகம் பார்க்கும் நுணுக்குக்காட்டி ஒன்று வாங்குவதற்கு நாங்கள் நால்வரும் ஒரு பங்கு போட்டிருக்கிறோம், மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளுமென்று நம்புகிறோம்.

இன்று அப்படி ஒன்றை இரவலாகக் கொண்டு வந்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுகூடத்தில் இருக்கும். ஊர்க் கத்தியின் ஒரு துண்டு, மாமி வீட்டுக் கம்பி, உடைந்த சைக்கிள் அச்சு, மூன்றையும் தேய்த்து வைத்திருக்கிறோம். அரத்தாளும் இருக்கிறது, தாங்களே தேய்த்துப் பார்க்க விரும்பும் தங்கைமார் வெள்ளைச் சீருடைக்கு மேலே ஏதாவது பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். அம்மாமாரும் வரலாம்.